கீதா முகர்ஜி: இருபது வருட எம்.பி. வாழ்க்கையை எங்கே தேடுவது, எப்படி அளப்பது?

பனிமலர் (கேள்வி)

மகளிர் இடஒதுக்கீடு பற்றி எந்தக் கட்டுரையை எடுத்தாலும் நடுவில் "கீதா முகர்ஜி குழு" என்று ஒரு வரி எட்டிப் பார்க்கிறது. சரி, யார் இந்தக் கீதா முகர்ஜி என்று தேடினால் கிடைப்பது இவ்வளவுதான்: 1924இல் பிறந்தவர், இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி, மேற்கு வங்கத்தின் பான்ஸ்குரா தொகுதியிலிருந்து 1980 முதல் தொடர்ந்து ஏழு முறை மக்களவைக்குத் தேர்வானவர், எம்.பி.யாக இருக்கும்போதே 2000 மார்ச் 4 அன்று மறைந்தார். இருபது வருடம் அவையில் இருந்தவருக்கு நாலு வரி.

எங்கள் வாசிப்பு வட்டம் அவரைப் பற்றி இருபது பக்கத்தில் ஒரு சிறு வெளியீடு போடுகிறது. விஷயம் தெரிந்தவர்கள் உதவுங்கள்:

1. அவர் அவையில் பேசியது, கேட்டது எல்லாம் எங்கே கிடைக்கும்?
2. இன்றைய எம்.பி.க்களுக்குப் போடுகிறார்களே, வருகை இத்தனை சதவீதம், கேள்வி இத்தனை என்று, அதே மாதிரி அட்டவணை இவருக்கும் போட முடியுமா?
3. மகளிர் மசோதாவை "இவர்தான் கொண்டுவந்தார்" என்று சிலர் எழுதுகிறார்கள், "குழுத் தலைவர் மட்டும்தான்" என்று சிலர். எது சரி?
4. அந்தக் குழு ஓ.பி.சி. (இதர பிற்படுத்தப்பட்ட வகுப்பு) பெண்களுக்கு உள்ஒதுக்கீடு கேட்டதா, இல்லையா?

ஏட்டுச்சுவடி

மூன்றாவதை முதலில் முடித்துவிடுவோம். தப்பு அதிகம் பரவியிருப்பது அதில்தான்.

மசோதா அவர் கொண்டுவந்ததல்ல. அது அரசு மசோதா. 1996 செப்டம்பர் 12 அன்று தேவகவுடா அரசு மக்களவையில் அறிமுகம் செய்த 81ஆவது அரசியல் சட்டத் திருத்த மசோதா; மக்களவையிலும் சட்டமன்றங்களிலும் மூன்றில் ஒரு பங்கு இடத்தைப் பெண்களுக்கு ஒதுக்கச் சொன்னது. அதை இரு அவை உறுப்பினர்களும் கொண்ட கூட்டுக் குழுவுக்கு அனுப்பினார்கள். அதன் தலைவர் கீதா முகர்ஜி. டிசம்பர் 9ஆம் தேதி அறிக்கை அவைக்கு வந்துவிட்டது. எண்ணிப் பாருங்கள், 88 நாள். கூட்டுக் குழு என்றாலே கால நீட்டிப்பு கேட்டுக் கேட்டு இழுக்கும் என்பதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த 88 எவ்வளவு சின்ன எண் என்று புரியும்.

"குழுத் தலைவர் மட்டும்தான்" என்பதில் அந்த 'மட்டும்' தவறு. என்றைக்குக் கூடுவது, யாரைச் சாட்சியம் சொல்ல அழைப்பது, பிரிவு பிரிவாக எடுத்து எந்த வார்த்தையை மாற்றுவது, சேராத கருத்துகளை எப்படி அறிக்கையோடு இணைப்பது, எல்லாவற்றுக்கும் தலைவர்தான் பொறுப்பு. அதுவும் அப்போதைய நிலைமையைப் பாருங்கள். இ.கம்யூ. அந்த அரசில் பங்காளி, இந்திரஜித் குப்தா உள்துறை அமைச்சர். மசோதாவுக்கு எதிர்ப்பு எதிர்க்கட்சி வரிசையில் இருந்து வந்ததைவிட அரசுப் பக்கத்துக் கட்சிகளுக்குள்ளிருந்து வந்ததுதான் பலமானது. ஆளும் கூட்டணிக்காரராக இருந்துகொண்டு கூட்டணிக்காரர்களையே சமாளிக்க வேண்டிய நாற்காலி அது.

நான்காவது கேள்வி. இதற்கு ஆம், இல்லை என்று ஒரு வார்த்தையில் பதில் போட்டால் வெளியீடு தப்பாகிவிடும். குழு சொன்னது: ஓ.பி.சி.களுக்கு இடஒதுக்கீட்டை அரசியல் சட்டம் விரிவாக்கும் காலத்தில், ஓ.பி.சி. பெண்களுக்கும் அதை நீட்டிக்க வேண்டும். அதாவது இந்த மசோதாவுக்குள்ளேயே இப்போதே வை என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. குழுவில் இருந்த நிதீஷ் குமார் இது போதாது என்று மாற்றுக் கருத்துக் குறிப்பு கொடுத்தார். பின்னால் இரு தரப்பும் தங்களுக்கு வேண்டிய பாதியை மட்டும் எடுத்துக் காட்டிக்கொண்டிருக்கின்றன.

கேள்விநேரம்

பனிமலர் மேடம், அட்டவணை வேண்டாம். இவருக்கு மட்டுமல்ல, யாருக்குப் போட்டாலும் அதில் பாதி பொய்தான்.

முதலில் தரவே இல்லை. நாடாளுமன்றப் பணிகளைத் தொகுத்துத் தரும் பி.ஆர்.எஸ். ஆய்வு அமைப்பின் தளத்தில் எம்.பி. வாரியான வருகை, கேள்வி, விவாத எண்ணிக்கை 2009இல் அமைந்த 15ஆவது மக்களவையிலிருந்துதான். 1980–2000 காலத்துக்கு அதே அளவுகோலில் எண் வேண்டுமென்றால் நீங்களே ஒவ்வொரு நாளின் அவைக் குறிப்பையும் புரட்டி எண்ண வேண்டும்.

எண்ணினாலும் என்ன தெரியும்? வருகை என்பது பதிவேட்டில் கையெழுத்து. காலையில் போட்டுவிட்டுப் போனவரும் ராத்திரி எட்டு மணி வரை உட்கார்ந்தவரும் அதில் ஒன்றுதான். அமைச்சர்களும் எதிர்க்கட்சித் தலைவரும் அந்தப் பதிவேட்டில் கையெழுத்தே போடுவதில்லை. அமைச்சர் கேள்வியும் கேட்க முடியாது. ஆக ஒருவர் நடுவில் அமைச்சரானால் அவர் கணக்கு அங்கேயே நின்றுபோகும்.

கேள்வி எண்ணிக்கை இன்னும் மோசம். மக்களவையில் ஒரு நாளைக்கு நட்சத்திரக் கேள்வி (அவையில் வாய்வழிப் பதில் கேட்பவை) 20தான். நட்சத்திரமிடாதவை (எழுத்துப் பதில் மட்டும்) 230 வரை. முன்னறிவிப்பு 15 முழு நாளுக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும். வந்து குவிவதில் எது முதலில் என்று குலுக்கல் போட்டுத்தான் வரிசை. இந்த 20இலும் 12 மணிக்குள் வாய்வழியாக எடுத்துக்கொள்ளப்படுவது ஐந்தாறு வந்தால் பெரிது. மிச்சத்துக்கெல்லாம் எழுத்துப் பதில் மேசையில் வைக்கப்படும். ஒரே விஷயத்தைப் பத்துப் பேர் கேட்டிருந்தால் பத்துப் பெயரையும் ஒரே கேள்வியில் சேர்த்துவிடுவார்கள். பட்டியலில் எண் ஏறும், ஆனால் எழுந்து பேசியவர் முதல் பெயர்க்காரர் மட்டுமாகக்கூட இருக்கலாம். அதனால் எண்ண வேண்டியது கேள்வியை அல்ல, துணைக் கேள்வியை. அமைச்சர் கையில் தயாராக இருக்கும் பதிலைப் படித்து முடித்த பிறகு, அதற்கு அடுத்து என்ன கேட்டார் என்பதில்தான் ஒரு உறுப்பினருக்கு விஷயம் தெரியுமா தெரியாதா என்பது வெளிப்படும்.

எண்ணிக்கைக்குப் பதிலாக நான் சொல்வது இது. நாலு வகைப் பணியை எடுத்துக்கொள்ளுங்கள்: கவன ஈர்ப்பு, மசோதாக்களுக்குக் கொடுத்த திருத்தம், மானியக் கோரிக்கைகள் (அமைச்சகங்கள் செலவுக்குக் கேட்கும் தொகைகள்) மீதான வெட்டுத் தீர்மானம், குழு வேலை. இதில் வெட்டுத் தீர்மானத்தை யாரும் கண்டுகொள்வதில்லை, ஆனால் எதிர்வரிசை இடதுசாரி எம்.பி.க்களைப் படிக்க அது நல்ல சுரங்கம். மூன்று தினுசு உண்டு. கொள்கையே தப்பு என்றால் "மானியத்தை ஒரு ரூபாயாகக் குறைக்க வேண்டும்". வீண்செலவு என்றால் இன்ன தொகையைக் குறை. குறிப்பிட்ட ஒரு குறையை எடுத்துச் சொல்வதற்கு "100 ரூபாய் குறைக்க வேண்டும்". கோடிக்கணக்கான மானியத்தில் நூறு ரூபாய்! பணம் குறையப் போவதில்லை, நிறைவேறப் போவதும் இல்லை. ஆனால் அந்த நூறு ரூபாய்க்குப் பக்கத்தில் ஒரே வரியில் குறை என்னவென்று அச்சாகியிருக்கும். ஒரு எம்.பி. பெயரில் வருகிற அந்த வரிகளை வரிசையாக எழுதிவைத்தால் அவருக்கு எது முக்கியமாகப் பட்டது என்று ஒரே பார்வையில் தெரியும்.

இன்னொரு எச்சரிக்கை. "இந்த மசோதாவுக்கு ஆதரவாக வாக்களித்தார்" என்று சும்மா எழுதிவிடாதீர்கள். பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில் போனவை. அதில் பெயர் பதிவே கிடையாது. 'டிவிஷன்' கேட்டு நடந்திருந்தால்தான் ஆதரவு, எதிர்ப்புப் பெயர்ப் பட்டியல் இருக்கும். அரசியல் சட்டத் திருத்தங்களுக்கு அது கட்டாயம் இருக்கும், ஏனென்றால் மொத்த உறுப்பினரில் பாதிக்கு மேல், வந்து வாக்களித்தவரில் மூன்றில் இரண்டு என்று இரட்டைக் கணக்குக் காட்ட வேண்டும். அப்படியே பட்டியல் கிடைத்தாலும் 1985க்குப் பிறகு கட்சித்தாவல் தடைச் சட்டம் வந்துவிட்டது, கொறடா உத்தரவு இருந்தால் அது கட்சியின் வாக்கு, அவர் வாக்கு அல்ல.

நூலகக்கிளை

முதல் கேள்விக்கு வருகிறேன். இடம் ஒன்றுதான்: நாடாளுமன்ற டிஜிட்டல் நூலகம், 'இ-பார்லிப்' என்று தேடினால் வரும். மக்களவை விவாதங்கள் முழுக்க ஸ்கேன் செய்து போட்டிருக்கிறார்கள், குழு அறிக்கைகளும் அங்கேதான். இலவசம், பதிவு செய்யத் தேவையில்லை.

ஆனால் தேடும் பெட்டியில் பெயரைப் போட்டு வருவதை மட்டும் நம்பினால் கால்வாசி கூடக் கிடைக்காது. பழைய ஸ்கேன்களில் எழுத்துணரி (படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் ஓ.சி.ஆர். மென்பொருள்) ஒழுங்காகப் படிப்பதில்லை, இரண்டு பத்தி அச்சில் வரிகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். ஆங்கிலத்தில் கீதாவுக்கு இரட்டை 'ஈ' போட்டும் தேடுங்கள், ஒற்றை 'ஐ' போட்டும் தேடுங்கள். முகர்ஜிக்கு எத்தனை எழுத்துக்கூட்டல் உண்டோ அத்தனையும். முகர்ஜி என்று மட்டும் போட்டால் 1980–84 காலத்தில் ஹவுராவின் சமர் முகர்ஜி வந்து நிற்பார், அவர் மார்க்சிஸ்ட் கட்சி, அவரும் நிறையப் பேசியவர். இருவர் பேச்சையும் கலந்துவிடும் ஆபத்து நிஜமானது. பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறியில் தொகுதி பெயர் இருக்கும். பான்ஸ்குரா என்று இருந்தால் மட்டும் எடுங்கள்.

நல்ல வழி இது. நாள்வாரித் தொகுப்பின் முதல் பக்கங்களில் பொருளடக்கம் இருக்கும். ஒவ்வொரு விவாதத்தின் கீழும் பேசியவர்கள் பெயர் வரிசையாக, பக்கத்தில் பத்தி எண்ணோடு. (பழைய தொகுப்புகளில் பக்க எண் அல்ல, பத்தி எண். ஒரு பக்கத்தில் இரண்டு பத்தி, இரண்டு எண்.) பொருளடக்கத்தை மட்டும் கண்ணால் ஓட்டுங்கள். ஒரு கூட்டத்தொடருக்கு அரை நாள் ஆகும், ஆனால் விடுபடாது. இருபது வருடத்தையும் இப்படிப் பார்க்க முடியாது என்றால் பட்ஜெட் தொடரை மட்டும் முழுதாகப் பாருங்கள், வெட்டுத் தீர்மானமெல்லாம் அதில்தான்.

தேதியில் ஒரு பொறி இருக்கிறது. முகப்பில் ஆங்கிலத் தேதியோடு சக ஆண்டுத் தேதியும் அச்சாகியிருக்கும். 1996 டிசம்பர் 9 என்பது அக்ரஹாயணம் 18, 1918. ஸ்கேன் மங்கலாக இருந்து கீழ்வரி மட்டும் கண்ணில் பட்டால் 1918ஆம் வருட ஆவணம் என்று நினைத்துத் தள்ளிவிடுவீர்கள். சக ஆண்டோடு 78 கூட்டுங்கள். ஜனவரி முதல் மார்ச் மூன்றாவது வாரம் வரை என்றால் 79.

பேச்சின் தொடக்கத்தில் நட்சத்திரக்குறி போட்டு, கீழே "வங்காளத்தில் ஆற்றிய உரையின் மொழிபெயர்ப்பு" என்று இருந்தால் அதை அவருடைய வார்த்தை என்று மேற்கோள் குறி போட்டு எடுக்காதீர்கள். அது மொழிபெயர்ப்பாளரின் ஆங்கிலம். நம்மூர் எம்.பி.க்கள் தமிழில் பேசியதும் இதே மாதிரிதான் அச்சாகும். மூலத் தமிழ் அந்தப் பக்கத்தில் இருக்காது.

அவையின் வாழ்க்கைக் குறிப்புப் பக்கத்தை எலும்புக்கூடாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் அது உறுப்பினர் தரப்பு எழுதிக் கொடுத்த விவரம் என்பதை நினைவில் வையுங்கள். வாக்கு எண்ணிக்கைக்குத் தேர்தல் ஆணையத்தின் புள்ளிவிவர அறிக்கை, ஏழு தேர்தலுக்கும் தனித்தனி.

பனிமலர்

மிக்க நன்றி. கூட்டுக் குழு அறிக்கை கிடைத்துவிட்டது. ஏழு பரிந்துரை என்று எல்லோரும் எழுதுவதைப் பிரித்துப் பார்த்தேன். அதில் ஒன்று வெறும் வார்த்தை மாற்றம் மாதிரி தெரிகிறது: "மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல்" என்பதை எடுத்துவிட்டு "கூடுமானவரை மூன்றில் ஒரு பங்கு" என்று போடச் சொல்கிறார்கள். பெண்களுக்காகப் பேசும் குழு ஏன் "குறையாமல்" என்ற பாதுகாப்பையே எடுக்கச் சொல்ல வேண்டும்? பின்வாங்கலா இது?

முக்காலேமூணுவீசம்

பின்வாங்கல் இல்லைங்க, கணக்கு. உங்கள் வெளியீட்டில் ஒரு பக்கம் முழுக்க இதற்கே கொடுக்கலாம்.

தமிழ்நாட்டை எடுங்கள். மொத்தம் 39 மக்களவைத் தொகுதி. மூன்றால் வகுத்தால் 13, சுத்தமாகப் போய்விட்டது. பிரச்சினை இல்லை. ஆனால் மசோதா பட்டியல் சாதித் தனித்தொகுதிகளுக்குள்ளும் மூன்றில் ஒன்றைக் கேட்கிறது. நமக்குத் தனித்தொகுதி 7. மூன்றால் வகுத்தால் 2.33. "குறையாமல்" என்று இருந்தால் 2 போதாது, ஏனென்றால் 2 என்பது மூன்றில் ஒன்றுக்குக் குறைவு. ஆக 3. அதாவது 43 சதவீதம். "கூடுமானவரை" என்றால் 2.

சின்ன மாநிலத்துக்குப் போனால் இன்னும் கோணலாகும். 4 தொகுதி உள்ள மாநிலத்தில் "குறையாமல்" என்றால் 2, அதாவது சரிபாதி. 2 தொகுதி என்றால் 1, அதுவும் பாதி. ஒரே தொகுதி என்றால் அந்த ஒன்றே போச்சு, எல்லாத் தேர்தலிலும். இந்தச் சிக்கலால்தான் மூல மசோதா மூன்றுக்கும் குறைவான தொகுதி உள்ள இடங்களை ஒதுக்கீட்டிலிருந்தே கழற்றிவிட்டது. கூட்டுக் குழு இரண்டையும் சேர்த்துச் சரிசெய்தது. வார்த்தையைத் தளர்த்து, தளர்த்திய பிறகு சின்ன இடங்களையும் உள்ளே கொண்டுவா. எப்படி என்பதை 2008 மசோதா காட்டியது: மூன்று தேர்தல் ஒரு சுற்று. ஒரே தொகுதி என்றால் சுற்றின் முதல் தேர்தலில் மட்டும் பெண்ணுக்கு. இரண்டு தொகுதி என்றால் முதல் தேர்தலில் ஒன்று, அடுத்ததில் மற்றது, மூன்றாவதில் இரண்டுமே பொது. மூன்று தேர்தலைக் கூட்டிப் பாருங்கள், சரியாக மூன்றில் ஒன்று வந்துவிடும். புதுச்சேரி மாதிரி ஒற்றைத் தொகுதிக்கு இதுதான் வழி.

"கூடுமானவரை" என்ற சொல்லும் குழு புதிதாகக் கண்டுபிடித்ததல்ல. பட்டியல் சாதி, பழங்குடித் தொகுதிகளின் எண்ணிக்கையை மக்கள்தொகை விகிதத்தோடு பொருத்தும் 330ஆவது பிரிவில் ஏற்கெனவே இருக்கிறது. ஒதுக்கீட்டுக்காக அரசியல் சட்டம் ஏற்கெனவே பேசிவந்த மொழியை மகளிர் ஒதுக்கீட்டுக்கும் கொண்டுவந்தார்கள், அவ்வளவே. 2023இல் நிறைவேறிய 106ஆவது திருத்தத்தின் 330ஏ பிரிவை எடுத்துப் பாருங்கள். அதே "கூடுமானவரை, மூன்றில் ஒரு பங்கு". குழு எழுதி 27 வருடம் கழித்து அந்தச் சொல் அரசியல் சட்டத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. வருகை சதவீதத்தில் இது எந்தக் கட்டத்தில் வரும்?

மற்ற பரிந்துரைகள் சுருக்கமாக: ஒதுக்கீட்டுக்கு 15 வருடக் காலவரை; ஆங்கிலோ இந்திய நியமன இடத்திலும் பெண்ணுக்கு முறை (அந்த நியமனமே 2020 ஜனவரியோடு போய்விட்டது); டெல்லி சட்டமன்றத்தையும் சேர்ப்பது. சின்ன மாநிலம், வார்த்தை மாற்றம் இரண்டையும் கூட்டினால் ஐந்து. இந்த ஐந்தும் 2008 மசோதாவில் ஏறின. ஏறாதவை இரண்டு: மாநிலங்களவை, மேலவைகளுக்கும் ஒதுக்கீடு என்பது ஒன்று, ஏட்டுச்சுவடி சொன்ன ஓ.பி.சி. விஷயம் மற்றொன்று.

ஏட்டுச்சுவடி

நன்றாகச் சொன்னீர்கள். அறிக்கைக்குப் பிறகு மசோதா போன பாதையிலும் ஒரு தொழில்நுட்பம் இருக்கிறது, அதையும் சேர்த்துவிடுங்கள். "எதிர்ப்பால் நிறைவேறவில்லை" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எதிர்ப்பு உண்மைதான், ஆனால் ஒவ்வொரு முறையும் அதைக் கொன்றது காலாவதி விதி.

மக்களவையில் அறிமுகமாகி நிலுவையில் இருக்கும் மசோதா, அந்த அவை கலைந்தால் தானே செத்துவிடும். 81ஆவது 1997 டிசம்பரில் 11ஆவது மக்களவை கலைந்தபோது போனது. அடுத்தது 1998. ஜூலை 13 அன்று அறிமுகம் செய்ய எழுந்த சட்ட அமைச்சர் தம்பிதுரை கையிலிருந்து ஆர்.ஜே.டி. (ராஷ்டிரிய ஜனதா தளம்) உறுப்பினர் ஒருவர் தாளைப் பிடுங்கிக் கிழித்தார். ஆம், நம்ம கரூர் தம்பிதுரைதான். பிறகு டிசம்பர் 14 அன்று 84ஆவது திருத்த மசோதாவாக அறிமுகமாகி, 1999இல் அவை கலைந்தபோது அதுவும் போனது. 1999 டிசம்பர் 23 அன்று 85ஆவது வந்தது. கீதா முகர்ஜி உயிரோடு இருந்து பார்த்த கடைசி வடிவம் அது. பத்து வாரத்தில் அவர் இல்லை.

2008 மே 6 அன்று 108ஆவது திருத்த மசோதாவை வேண்டுமென்றே மாநிலங்களவையில் அறிமுகம் செய்தார்கள். மாநிலங்களவை கலையாது, அங்கே நிலுவையில் இருப்பது மக்களவை கலைந்தாலும் சாகாது. அதனால்தான் 2009 தேர்தலைத் தாண்டி உயிரோடு இருந்தது. ஜெயந்தி நடராஜன் தலைமையிலான நிலைக்குழு 2009 டிசம்பரில் அறிக்கை கொடுத்தது. 2010 மார்ச் 9 அன்று 186க்கு 1 என்று மாநிலங்களவையில் நிறைவேறியது. ஆனால் நிறைவேறி மக்களவைக்குப் போன கணத்திலிருந்து அந்தப் பாதுகாப்பு இல்லை. மாநிலங்களவை நிறைவேற்றி மக்களவையில் நிலுவையில் இருப்பதும் கலைப்போடு காலாவதி. 2014 மே மாதம் அப்படித்தான் போனது. "மாநிலங்களவையில் நிறைவேறியதே, பிறகு ஏன் 2023இல் முதலிலிருந்து?" என்று வாசகர் கேட்பார். பதில் இது.

2023 கணக்கு: மக்களவையில் செப்டம்பர் 20 அன்று 454க்கு 2, மறுநாள் மாநிலங்களவையில் 214க்கு 0, குடியரசுத் தலைவர் ஒப்புதல் செப்டம்பர் 28.

சுழல்நாற்காலி

எல்லோரும் மசோதாவிலேயே நிற்கிறீர்கள். ஒரு முரண்பாட்டைச் சொல்லாவிட்டால் அந்த வெளியீடு துதிபாடலாகிவிடும்.

கீதா முகர்ஜி ஏழு முறையும் ஜெயித்தது ஒதுக்கீடு இல்லாத பொதுத் தொகுதியில், அதுவும் ஒரே தொகுதியில். அதற்கு முன் 1967 முதல் 1977 வரை சட்டமன்றத்துக்கும் அதே வட்டாரம், பான்ஸ்குரா கிழக்கு. முப்பது வருடத்துக்கு மேல் ஒரே மண்ணில் வேரூன்றிய அரசியல் வாழ்க்கை. அவர் தலைமை வகித்த குழு பரிசீலித்த மசோதாவோ, ஒதுக்கீட்டுத் தொகுதிகளைத் தேர்தலுக்குத் தேர்தல் சுழற்றச் சொன்னது. இந்த முறை பெண்களுக்கு ஒதுக்கிய தொகுதியில் ஜெயித்தவருக்கு அடுத்த முறை அது பொதுத் தொகுதி. சட்டப்படி அவர் அங்கேயே நிற்கத் தடையில்லை. ஆனால் கட்சி டிக்கெட் கொடுக்க வேண்டுமே! பக்கத்துத் தொகுதி பெண்களுக்கு என்று ஆனதும், அங்கே இடம் இழந்த ஆண் எம்.பி. இங்கே வந்து கேட்பார். ஒரு பெண் இருபது வருடம் ஒரே தொகுதியைக் கட்டிக் காக்கும் வாய்ப்பை இந்தச் சுழற்சி குறைக்கும் என்ற விமர்சனம் பெண்கள் இயக்கத்துக்கு உள்ளேயும் வந்ததுதான். 2023 சட்டத்தில் சுழற்சி ஒவ்வொரு தொகுதி மறுவரையறைக்குப் பிறகு என்று மாறிவிட்டது. அதனால் இடைவெளி நீளும், பிரச்சினை தீராது.

எண்களும் ஒன்றிரண்டு: அவர் நுழைந்த 1980 தேர்தலில் ஜெயித்த பெண்கள் 28 பேர். குழு அமைந்த 1996இல் 40 பேர், 543இல் 7.4 சதவீதம். 2024இல் 74 பேர், 13.6 சதவீதம்.

இன்னொன்று, 1996க்கு முன்னால் அவர் என்ன செய்தார் என்று யாரும் தொடவில்லை. 1980இல் வந்த குற்றவியல் சட்டத் திருத்த மசோதாவின் கூட்டுக் குழுவிலும் அவர் உறுப்பினர். காவல் நிலையத்தில் நடந்த பாலியல் வன்முறை வழக்கு ஒன்றில் 1978இல் உச்ச நீதிமன்றம் காவலர்களை விடுவித்தது. நாடெங்கும் பெண்கள் அமைப்புகள் கிளம்பின. அதன் பிறகு வந்த மசோதா அது. 1983இல் சட்டமானது. காவலில் நடந்த வன்முறையில் "சம்மதம் இல்லை" என்று பெண் சொன்னால் நீதிமன்றம் அதை அப்படியே அனுமானிக்க வேண்டும் என்ற சாட்சியச் சட்டம் 114ஏ, பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடத் தடை போடும் 228ஏ, மூடிய அறை விசாரணை எல்லாம் அந்தத் திருத்தத்தில் வந்தவை. எம்.பி.யான முதல் வருடமே இந்தக் குழு வேலை. 1996இல் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தது திடீரென்று அல்ல.

நொய்யல்

தமிழ் வாசகருக்கு ஒப்பிட்டுச் சொல்ல ஆள் வேண்டுமென்றால் நம்மிடமே இருக்கிறார்: பார்வதி கிருஷ்ணன். அதே கட்சி. 1954இல் மாநிலங்களவை, 1957இல் கோவையிலிருந்து மக்களவை, மறுபடி 1974 இடைத்தேர்தலிலும் 1977லும் அதே கோவை. அவருடைய தாயார் ராதாபாய் சுப்பராயன், 1930 வட்டமேசை மாநாட்டுக்குப் போனவர், 1938இல் அன்றைய கவுன்சில் ஆஃப் ஸ்டேட்டின் முதல் பெண் உறுப்பினர். தாயும் மகளும் இரண்டு காலத்து மேலவைகளில். ஆனால் அரைப் பக்கத்துக்கு மேல் போகாதீர்கள், வெளியீடு திசை மாறிவிடும்.

தொகுதி மேம்பாட்டு நிதி பற்றியும் எழுதுவதாக இருந்தால் கவனம். திட்டம் தொடங்கியதே 1993 டிசம்பரில். முதல் வருடம் ஒரு எம்.பி.க்கு 5 லட்சம், 1994–95 முதல் ஒரு கோடி, 1998–99 முதல் 2 கோடி. இன்றைய 5 கோடி 2011–12இல் வந்தது. யாராவது "இருபது வருடத்தில் நூறு கோடி" என்று பெருக்கிப் போட்டால் உடனே அடியுங்கள். எம்.பி. பரிந்துரை மட்டுமே செய்கிறார். அனுமதி, டெண்டர், பட்டுவாடா எல்லாம் மாவட்ட நிர்வாகம். வேலை முடியாததற்கு எம்.பி.யையும், முடிந்ததற்கு எம்.பி.யையும் மட்டும் காரணம் காட்டுவது இரண்டுமே சரியல்ல.

பனிமலர்

அட்டவணையைக் கைவிட்டாச்சு. அந்த இடத்தில் 39, 7, 4, 2, 1 என்று கணக்கைப் பெட்டி கட்டிப் போடுகிறோம். பின்னட்டையில் அவர் தொகுதியின் வரைபடம் போட நினைக்கிறோம். இன்றைய தொகுதி வரைபடத்தில் பான்ஸ்குரா என்று மக்களவைத் தொகுதியே காணவில்லையே?

நூலகக்கிளை

இருக்காது. 2008 மறுவரையறையோடு அந்தப் பெயரில் தொகுதி போய்விட்டது. கடைசித் தேர்தல் 2004. அவர் மறைவுக்குப் பின் 2000இல் நடந்த இடைத்தேர்தலில் திரிணமூலின் விக்ரம் சர்க்கார் ஜெயித்தார், 2004இல் குருதாஸ் தாஸ்குப்தா மீட்டார். 2009இல் அவர் நின்றது காட்டல் என்ற புதுப் பெயரில்.

காட்டல் வரைபடத்தை அப்படியே எடுத்துப் போட்டுவிடாதீர்கள், எல்லை ஒன்றல்ல. பான்ஸ்குரா மேற்கு சட்டமன்றத் தொகுதி இன்று காட்டல் மக்களவைத் தொகுதிக்குள், கீதா முகர்ஜி எம்.எல்.ஏ.வாக இருந்த பான்ஸ்குரா கிழக்கு தம்லுக் மக்களவைத் தொகுதிக்குள். உங்களுக்கு வேண்டியது 1976 மறுவரையறை ஆணையின்படியான வரைபடம். 1977 முதல் 2004 வரை எல்லாத் தேர்தலும் அந்த எல்லையில்தான். மாவட்டப் பெயரை 'மேதினிப்பூர்' என்று மட்டும் போடுங்கள். கிழக்கு, மேற்கு என்று பிரிந்தது 2002 ஜனவரியில், அவர் காலத்தில் ஒரே மாவட்டம்.